மாரடைப்பு வந்தவரிடம் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது?

சிஸ்டர், மாரடைப்புக்குப் பிறகு வீடு திரும்பவிருக்கும் 52 வயது நோயாளி "இனி எல்லாம் பழையபடி இருக்கலாமா?" என்று தயங்கிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டது தாம்பத்தியத்தைப் பற்றித்தான். இன்னும் தாமதமாகிவிடவில்லை, நாளைக்கே போய்ப் பேசுங்கள்.

தனி அறை கிடைத்தால் நல்லது. திரை ஆளை மறைக்கும், பேச்சை மறைக்காது. நின்றுகொண்டு கேட்காதீர்கள். அருகில் உட்கார்ந்து, "மாரடைப்பு வந்த பலருக்கு மனைவியோடு சேரப் பயமாக இருக்கும். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். 'பலருக்கு' என்ற சொல்லிலேயே பாதிக் கூச்சம் போய்விடும். பாலியல் ஆலோசனைக்காக 1976இல் உளவியலாளர் ஜாக் அன்னான் வகுத்த பிளிசிட் (PLISSIT) முறையின் முதல் படியும் இதுதான்: பேச அனுமதி தருவது.

அப்புறம் மருந்துகள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் விறைப்புக்கான சில்டெனாபில் (வயாகரா) போட்டால் ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும். தானாக வாங்கிப் போடும் பழக்கம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். விறைப்பு குறைந்தால் சிலர் இதய மருந்தான பீட்டா பிளாக்கர்தான் காரணம் என்று நினைத்து, வெளியே சொல்லாமல் அதை நிறுத்திவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் மருத்துவரிடம் சொல்லும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொதுவாக, இரண்டு மாடி ஏறியும் நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ வராதவருக்கு ஆபத்து குறைவு. அவர் சம்மதித்தால் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். அவருக்கும் அதே பயம் இருக்கும்.