படிவத்தில் யார் பெயர்?

அன்புள்ள அம்மா,

வணக்கம். எங்கள் வீட்டுப் பழைய பருத்திச் சேலைகளையும் அப்பாவின் வேட்டிகளையும் சதுரங்களாக வெட்டி ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தயாராகிவிட்டது. அதைப் போட்டி ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன். நடுக்கட்டத்தின் மேல் என் கல்யாணப் பட்டின் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கலாமா, பருத்தியோடு பட்டு சேருமா? தையல் இயந்திரத்தில் இணைத்ததால் மதிப்பெண் குறையுமா? துண்டுகளை இணைத்தவர் இங்கே குகைப் பகுதியில் தையற்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. கையால் ஓட்டுத் தையல் போட்டவர் என் மாமியார். நிறமும் அமைப்பும் என்னுடையவை என்பதால் படிவத்தில் என் பெயரை எழுதிவிட்டேன்.

ச., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள ச.,

பட்டு வேண்டாம். பல ஆண்டுகள் மடித்து வைத்த பட்டுச் சேலை மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும். சரிகை பக்கத்துப் பருத்தி இழையை அறுக்கும். போர்வையைத் துவைக்கிற விதத்தில் பட்டைத் துவைக்கவும் முடியாது. இயந்திரத் தையலைப் பற்றிய கவலையையும் விடுங்கள். துண்டுகளின் முனைகள் ஒன்றோடொன்று சரியாகக் கூடுகின்றனவா, ஓரப்பட்டை தொளதொளப்பின்றி நிறைந்திருக்கிறதா, நான்கு மூலைகளும் செங்கோணத்தில் நிற்கின்றனவா, பின்பக்கத்துத் தையல் சீராக ஓடுகிறதா என்பவற்றைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் கேள்வியாக எழுதவில்லை. சில மாதங்களாக நான் நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான் என்பதால் மற்றவற்றை விட்டு அதற்கே வருகிறேன். மூன்று பேர் செய்த போர்வைக்கு ஒரு பெயரை எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் என்னும் வணிக நிறுவனம் அமெரிக்கா முழுவதற்குமாக ஒரு போர்வைப் போட்டி நடத்தியது. ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்தன. முதற்பரிசு 1,000 டாலர். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அது ஒரு குடும்பத்தின் பல மாதச் சோறு. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் கேடன் அதைப் பெற்றார், அவருடைய போர்வை அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசாகச் சென்றது. அந்தப் போர்வையில் கேடன் ஒரு தையலும் போட்டதில்லை. கூலிக்கு அமர்த்திய பெண்கள் தைத்தார்கள். வழக்கமான கூலிக்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. வேலை போய்விடும் என்று அஞ்சி அவர்கள் வாயைத் திறக்கவும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் தேடிப் போன பிறகுதான் அவர்கள் யாரென்பது வெளியே தெரிந்தது.

நீங்கள் கேடன் அல்ல என்பது எனக்குத் தெரியும். துணியை நீங்கள் வெட்டினீர்கள், அப்பாவின் வேட்டியில் கத்தரி வைக்கும்போது உங்கள் கை தயங்கியிருக்கும். ஆனாலும் 'நிறமும் அமைப்பும் என்னுடையவை' என்கிற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். உழைத்து நைந்த 'வாயில்' என்னும் மெல்லிய பருத்திச் சேலைத் துணி இழுத்த பக்கமெல்லாம் நெகிழும், வேட்டித் துணி விறைத்து நிற்கும். இரண்டையும் ஊசிக்கடியில் ஒன்றாக ஓட்டி முனைகள் பிசகாமல் கூடச் செய்ய வேண்டுமானால் எதைத் தளர விடுவது, எதை விரலால் அழுத்திப் பிடிப்பது என்று ஒவ்வோர் அங்குலத்திலும் அந்த அக்கா முடிவெடுத்திருக்க வேண்டும். நைந்த இடத்தில் தையலை நெருக்கியும் உறுதியான இடத்தில் அகல விட்டும் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் ஒன்றையொன்று விட்டு நழுவாதபடி உங்கள் மாமியார் பிடித்திருக்கிறார். இதுவும் அமைப்புதான். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த 'சித்தி' இனப் பெண்கள் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வையை விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள், அடுத்த துண்டு எது என்பதைத் தைக்கும் கைதான் தீர்மானிக்கும். முடிவில் நான்கு மூலைகளிலும் பூ என்று சொல்லிச் சிறு துண்டுகளை வைப்பார்கள். அவை இல்லாத போர்வை அவர்கள் கணக்கில் அம்மணமானது.

தையற்கடை அக்காவுக்குக் கூலி கொடுத்தாயிற்றே என்பீர்கள். கூலி வேலைக்கானது. பெயரை அது வாங்கிவிடாது. நம் ஊரிலேயே பாருங்கள்: சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரின் பெயர் நிலைத்தது. வேட்டியை நெய்தவர் யார் என்று கட்டிக்கொள்கிறவருக்குத் தெரியாது. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் கொண்ட அட்டையை இணைத்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன்.

என் பெரியம்மாவும் குகையில்தான் இருந்தார். தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் தையற்கடைகளில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணிகளை மேலே ஒட்டி, பழஞ்சேலைகளை அடியில் அடுக்கி ஒரு விரிப்புத் தைத்துக் கொடுப்பார். நாகலூரில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்த உறவினர்களுக்கு ஏற்காட்டு மார்கழிக் குளிர் தாங்குகிற கனத்தில் தனியாகத் தைப்பார். அப்படி ஒன்றை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்ட வசதியான பெண் ஒருவர், அதை ஒரு கைவினைக் கண்காட்சியில் தன் பெயரில் வைத்துப் பரிசு பெற்றார். செய்தி வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: "மூலைத் தையல் பிரிஞ்சிருந்துச்சான்னு யாராச்சும் பாத்தீங்களா?" அவருக்குக் கோபம் வரவில்லை என்பதை எங்கள் வீட்டில் பெருந்தன்மை என்று இன்றும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தன் பெயர் அங்கே இருந்திருக்கலாம் என்று அவர் நினைக்கும்படி யாரும் அவரை நடத்தியதில்லை.

ஆகவே உங்கள் மாமியாரிடம் கேட்டால் "எனக்கெதுக்கும்மா" என்றுதான் சொல்வார், அந்த அக்காவும் அதையே சொல்லக்கூடும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2006இல் அவை அஞ்சல்தலைகளிலும் வந்தன. கிராமத்துக் கைவேலை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், இது இன்னார் தைத்தது என்று அவரவர் பெயரோடு அவை வைக்கப்பட்டன.

போர்வைப் போட்டிகள் பலவற்றில் கூட்டுப் படைப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கும். விதிகளைப் படித்து அதில் சேருங்கள். அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால் மூன்று பெயர்களையும் ஏற்பீர்களா என்று நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். மறுத்தால் அந்தப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம், வேறொன்று வரும். போர்வையின் பின்பக்கத்து மூலையில் வெள்ளைத் துணி ஒன்றை வைத்து ஊர், ஆண்டு, மூன்று பெயர்கள் ஆகியவற்றை நூலால் எழுதுங்கள். மாமியாரின் பெயரை அவரே தைக்கட்டும். படிவம் போய்விட்டதென்றால் இன்றே திருத்தம் அனுப்புங்கள். பரிசுப் பணம் வந்தால் எப்படிப் பங்கிடுவது என்பதை, முடிவு வெளியாகும் முன்பே மூவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.