நகைச்சுவை மாயக் கதையில் டிராகனைக் கொல்ல ஆள் தேடும் ராஜாவையும் குடிமக்களையும் எப்படி எழுதினால் சிரிப்பு வரும்?

உங்கள் கதையில் ராஜா முட்டாள், தளபதி கோழை, டிராகனைக் கொல்பவனுக்குப் பாதி ராஜ்ஜியமும் இளவரசியும் பரிசு. இருந்தும் கதையைப் படித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கதையை அரண்மனையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் பதில். டிராகனுக்கு இன்று யார் வீட்டு ஆடு, நாளைக்கு யார் முறை என்ற பேச்சில்தான் சிரிப்பு இருக்கிறது.

நான் கடலூர் பக்கம். எங்கள் ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அதில் வரும் பகாசுரன் கதையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள், உங்களுக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. ஏகசக்கர நகரத்து ஜனங்கள் பகாசுரனுக்கு ஒரு வண்டி சோறு, இரண்டு எருமைக்கடா, அவற்றை ஓட்டிப்போக ஓர் ஆள் என்று அனுப்ப வேண்டும். அந்த ஆளும் அவனுக்குச் சாப்பாடுதான். வீட்டுக்கு வீடு முறை. ராஜா எங்கே? வேறொரு ஊரில் உட்கார்ந்திருக்கிறார், காப்பாற்றத் தெரியாதவர் என்று பாண்டவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் குந்தியிடம் சொல்கிறார். வெளி எதிரிகளிடமிருந்து ஊரைக் காப்பவனே பகாசுரன்தான், அந்தச் சோறு அவனுக்குக் கூலி! ராஜாவைப் பற்றி இதைவிடக் கூர்மையாக என்ன சொல்லிவிட முடியும்?

அந்த வீட்டு முறை வந்தபோது பீமன் போய் அசுரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவனுக்கு வைத்த சோற்றைத் தானே சாப்பிட உட்காருகிறான். முதுகில் அடி விழுகிறது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சாப்பிடுகிறான். கொன்று முடித்ததும் உடலை ஊர் வாசலில் போட்டுவிட்டு யார் கண்ணிலும் படாமல் கிளம்பிவிடுகிறான். விடிந்ததும் செத்துக் கிடப்பவனைப் பார்த்து ஆச்சரியப்பட்ட ஜனங்கள், நேற்று யார் முறை என்று கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வருடக்கணக்காகப் பயந்து வாழ்ந்தவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள்.

அப்புறம், உங்கள் கதைக்கு ஒரு கட்டியக்காரன் வேண்டும். கூத்தில் ராஜா வருவதை அறிவிப்பவன் அவன். வந்த ராஜாவிடமே நீ யார், எந்த ஊர் என்று கேட்பவனும் அவன்தான். ராஜா விருத்தம் பாடினால் இவன் அரிசி விலை பேசுவான். ஆனால் துரியோதனன் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு முழு கம்பீரத்தோடு பாடினால்தான் கட்டியக்காரன் கேட்கும் கேள்விக்குக் கூட்டம் சிரிக்கும். அதனால் உங்கள் ராஜாவை முட்டாளாக்காதீர்கள். தன் பட்டங்களை அவர் நிஜமாகவே நம்பட்டும்.

ஒன்றை மட்டும் லேசாகக் கடந்துவிடாதீர்கள். டிராகன் எரித்த தோப்பு யாருடையது என்பது கதையில் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. திரும்ப ஒரு பலாக்கன்று வைத்துக் காய் பறிக்க வருடக்கணக்காகும். அதைப் பார்த்தவர்களால் ஊர் எரிவதை வெறும் வேடிக்கையாகப் படிக்க முடியாது. இழப்பு நிஜமாக இருந்தால், அதற்குப் பக்கத்தில் வரும் சிரிப்பும் மனதில் நிலைத்து நிற்கும்.

அந்தப் பாதி ராஜ்ஜியத்தையும் விடாதீர்கள். எந்தப் பாதி? வாய்க்கால் தலைப்பில் இருக்கும் பாதியா, தண்ணீர் எட்டாத கடைமடையா? அங்கே குடியிருப்பவர்கள் வரியை இனி யாரிடம் கட்டுவது? டிராகன் செத்த மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் இதை ராஜாவிடம் கேட்கட்டும், கட்டியக்காரன் நடுவில் நிற்கட்டும். இந்தக் காட்சியை முதலில் எழுதுங்கள், டிராகன் சண்டையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.