பழைய செயின் சா ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. சரிசெய்யலாமா, புதிது வாங்கிவிடலாமா?

கேட்டவர் சொன்னது இதுதான்: எட்டு வருடப் பழைய செயின் சா (மரம் அறுக்கும் மிஷின்), இரண்டு வருடமாகக் கொட்டகையில் சும்மா கிடந்தது, இப்போது கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம். மெக்கானிக் "கார்பரேட்டர் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறாராம்.

வாங்காதீர்கள், முதலில் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டோ மூன்றோ போல்ட்தான். அதை எடுத்துவிட்டால் சிலிண்டரில் ஒரு ஜன்னல் தெரியும். டார்ச் அடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டன் அந்த ஜன்னலைக் கடந்து ஏறி இறங்கும். பிஸ்டன் பக்கவாட்டில் வழுவழுப்பாக, கடைசல் பட்டறையில் விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் மிஷின் பிழைத்துவிடும், மற்றதெல்லாம் சில்லறை வேலை. மேலிருந்து கீழாகப் பூனை பிராண்டிய மாதிரி கோடு விழுந்திருந்தால் அது வேறு கதை, அதற்குப் பிறகு கார்பரேட்டரைப் பற்றிப் பேசுவதே வீண். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் காசு செலவழித்தவர்களில் நானும் ஒருவன்.

எங்களுக்குப் பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபோது தோப்புக்குள் நடக்கவே வழியில்லை, மரத்தின் மேல் மரம். செயின் சா வைத்திருந்த ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதால் ஒரு பழைய மிஷினை நானே வாங்கினேன். புகை அதிகமாக வருகிறதே என்று கார்பரேட்டரில் எச் (H) என்று போட்டிருந்த திருகை வலப்பக்கம் கொஞ்சம் திருகினேன். ஆஹா, சத்தம் கிய்ய்ங்கென்று ஏறியது, இவ்வளவு நாள் இதை யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது மரத்தில் பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. அப்படித் திருகினால் பெட்ரோல் வரத்து குறையும், பெட்ரோல் குறைந்தால் அதோடு கலந்து வரும் ஆயிலும் குறைகிறது, டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு வேறு எண்ணெய் கிடையாது என்று சித்தப்பா அப்புறம்தான் விளக்கினார். அந்தக் கீச்சுச் சத்தம் பிஸ்டன் காய்கிற சத்தம். அதனால்தான் சொல்கிறேன், ஸ்டார்ட் ஆகாத மிஷினில் கார்பரேட்டர் திருகுகளைக் கடைசியாகத் தொடுங்கள். நேற்று வரை ஓடிய மிஷினில் திருகு தானாகப் போய்த் தப்பான இடத்தில் உட்காராது.

பிஸ்டன் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கயிற்றுப் பிடியைப் பிடித்து மிஷினை ஒரு முழம் உயரத்தில் தொங்கவிடுங்கள். மெதுவாக, நின்று நின்று இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கிறது. கிணற்று வாளி மாதிரி சரசரவென்று இறங்கினால் இல்லை. அடுத்து பிளக். கழற்றி, பழைய பெட்ரோல் எதுவும் பக்கத்தில் சிந்தியிராமல் பார்த்துக்கொண்டு, பிளக்கின் உடம்பை சிலிண்டர் உலோகத்தில் ஒட்டிப் பிடித்து இழுத்தால் நீலமாகக் கரண்ட் தாவ வேண்டும். வரவில்லை என்றால் உடனே காயிலை (பிளக்குக்குக் கரண்ட் தரும் சுருள்) குற்றம் சொல்லாதீர்கள். முதலில் பிளக்கை மாற்றுங்கள், பிறகு ஸ்விட்சுக்குப் போகும் ஒற்றை ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அது எங்காவது உரசி பாடியில் பட்டுக்கொண்டிருக்கும். எலி கடித்த ஒயரால் ஒரு காயில் வாங்கியவரை எனக்குத் தெரியும். பிளக்கின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், காயிலுக்கும் காந்தச் சக்கரத்துக்கும் இடையே சுமார் 0.3, ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி வைத்து போல்ட்டை இறுக்கினால் போதும்.

கரண்ட் வருகிறது, இருந்தும் ஓடவில்லை. அப்போது அரை ஸ்பூன் கலவைப் பெட்ரோலை பிளக் துவாரத்தில் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு நொடி டுர்ரென்று ஓடி அணைந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். எஞ்சின் நன்றாக இருக்கிறது, தொட்டியிலிருந்து பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. இரண்டு வருடம் கிடந்த மிஷினில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். இப்போது பங்கில் வரும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. இந்த மாதிரி சின்ன எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கும், தொட்டியில் ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். அது போக, பழைய மிஷினின் ரப்பர் குழாயை ஊறவைத்துக் கொழகொழவென்று ஆக்கும் அல்லது காய்ந்து வெடிக்க வைக்கும். தொட்டிக்குள் ஒரு வளைத்த கம்பியை விட்டு ஃபில்டரை வெளியே இழுத்துப் பாருங்கள். என்னுடையதை இழுத்தபோது ஃபில்டர் தனியாகவும் குழாய் தனியாகவும் வந்தன.

அடுத்து கார்பரேட்டர். இதில் பைக்கில் இருப்பது போல மிதவை கிடையாது, மிஷினைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஓட வேண்டுமே. அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய ரப்பர் தகடு, டயாஃப்ரம். அது மூச்சு விடுகிற மாதிரி உள்ளே வெளியே போய் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால்தான் ஊசி திறந்து பெட்ரோல் இறங்கும். புதிய டயாஃப்ரம் விரலில் பட்டால் பலூன் தோல் மாதிரி தொய்வாக இருக்கும். பழையதை அழுத்திப் பாருங்கள், தைல டப்பா மூடியை அழுத்தினது போல டொக்கென்று சத்தம் வந்தால் அது விறைத்துப் போய்விட்டது, நெம்புகோலைத் தள்ளாது. "கார்பரேட்டர் போச்சு" என்று உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். டயாஃப்ரமும் பேக்கிங்கும் சேர்ந்த கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கார்பரேட்டர் மேல் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் அப்படியே எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், மிஷின் பெயரை மட்டும் சொன்னால் வேறு எதையாவது கொடுத்துவிடுவார்கள். கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல கார்பரேட்டர்களில் ஒரு பக்கம் பேக்கிங் முதலில், டயாஃப்ரம் பிறகு, மறுபக்கம் அப்படியே தலைகீழ். நெம்புகோலை வளைக்காதீர்கள். ஓட்டைகளில் கம்பி விடாமல் கிளீனர் ஸ்ப்ரே அடியுங்கள், பித்தளை ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் பிறகு டியூனிங் நிற்காது.

ஸ்டார்ட் ஆகி ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் மூச்சுத் திணறி அணைகிறதா? அணைந்தவுடன் தொட்டி மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், மறுபடி உடனே ஓடினால் தொட்டியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தியும் பயனில்லை, சூடு ஆறினால்தான் ஓடுகிறது, சூட்டில் பிளக்கில் கரண்டும் இல்லை என்றால் இப்போது காயிலைச் சந்தேகப்படலாம். ஓடுகிறது ஆனால் வேகமே எடுக்கவில்லை என்றால் சைலன்சர் வாயில் இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள், கரி அடைத்து அடுப்புச் சல்லடை மாதிரி இருக்கும்.

கலவை பற்றி ஒன்று. உங்கள் கையேட்டில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி (2T) ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. மூடியால் அளக்காதீர்கள், மருந்துக்கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோப்பில் வேலை செய்யும் அண்ணன் "கலரைப் பார்த்தாலே தெரியும்" என்பார், பிரஷ் கட்டரில் (புல் வெட்டும் மிஷின்) ஒருமுறை பிஸ்டனை இறுகிப் போக வைத்த பிறகு அவரும் சிரிஞ்சுக்கு மாறிவிட்டார். ஒரு மாதத்துக்கு ஓடும் அளவு மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்து நீண்ட நாள் வைப்பதானால் தொட்டியைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வையுங்கள். பவர் வீடர், பம்ப் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கலவை வேண்டாம், மற்றபடி அதே பாடம்தான். இவற்றின் கார்பரேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து மிதவைக் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள்.

மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு "இழுக்கவே இல்லை" என்று தோன்றினால் எஞ்சினை விட்டுவிட்டுத் தரையில் விழும் தூளைப் பாருங்கள். சில்லு சில்லாக விழ வேண்டும், மாவு மாதிரி விழுந்தால் செயின் மழுங்கியிருக்கிறது. தென்னையின் வெளிப்பகுதி வைரம் பாய்ந்தது, மண்ணில் கிடந்த மரமென்றால் மணலும் சேர்ந்து அரை மணி நேரத்தில் பல்லை முடித்துவிடும். செயினின் பிட்ச்சுக்கு (கண்ணிகளின் இடைவெளி) தகுந்த உருண்டை அரம் வாங்குங்கள் (சின்ன மிஷின்களில் நிறைய வரும் 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர்), கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்ப்பு. அறுக்கும்போது மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் இரண்டு பக்கத்துப் பற்களையும் சமமாகத் தேய்க்கவில்லை என்று சந்தேகப்படுங்கள், இல்லையென்றால் பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) ஓரம் தேய்ந்திருக்கும். செயினை மாட்டும்போது பாரை ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு ஓரமும் சமமாகத் தேயும்.

பிஸ்டனில் கோடு விழுந்திருந்தால்? சிலிண்டர் பிஸ்டன் செட் கிடைக்கிற மாடல் என்றால் விலை கேட்டுப் பாருங்கள், புதிய மிஷினில் பாதிக்கு மேல் போனால் விட்டுவிடலாம். அப்போதும் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் காயில், கார்பரேட்டர், பார், கயிற்றுச் சுருள் நான்கையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். என் இப்போதைய மிஷினில் ஓடுகிற காயில் அந்தக் கஜா மிஷினுடையது.