பூங்காவில் நட்ட மரம் பிழைக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னை மாநகராட்சிப் பூங்காக்களில் மரம் நடவும் அவற்றைப் பார்த்துக்கொள்ளவும் முன்வரும் குடியிருப்போர் சங்கங்கள், பள்ளிகள், காலை நடைக்கு வருபவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை. வேறு ஊர்க்காரர்கள் மண்ணையும் மழைக்காலத்தையும் மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

எங்கள் தெருப் பூங்காவில் சங்கத்தின் சார்பில் 50 மரக்கன்று நட ஆசை. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் நடலாமா? (முகப்பேர்)

முதலில் இடத்தை அளந்து பாருங்கள். நடுத்தர மரத்துக்குக்கூட 20 அடி இடைவெளி வேண்டும். அப்படியென்றால் ஒரு மரத்துக்கு 400 சதுர அடி. ஐம்பது மரத்துக்கு 20,000 சதுர அடி, அதாவது எட்டு கிரவுண்டுக்கு மேல் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). தெருப் பூங்கா பலவும் மூன்று, நான்கு கிரவுண்டுதான். அதில் நடைபாதை, ஊஞ்சல், சறுக்குமரம், போர்வெல் எல்லாம் போனால் பத்துப் பன்னிரண்டு மரத்துக்குத்தான் இடம் மிஞ்சும். பன்னிரண்டை நட்டுப் பன்னிரண்டையும் வளர்ப்பது, ஐம்பதை நெருக்கி நடுவதைவிடப் பல மடங்கு மேல்.

அனுமதிக்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பூங்காப் பிரிவை அணுகி எழுத்தில் கொடுங்கள். வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல். மனுவோடு ஒரு பக்க வரைபடம் இணைத்தால் வேலை சீக்கிரம் நகரும். தண்ணீர்க் குழாய், மின்கேபிள், மழைநீர் வடிகால், மேலே போகும் மின்கம்பி, நீங்கள் நட நினைக்கும் புள்ளிகள், இன்ன மரம் என்ற பெயர், முதல் இரண்டு ஆண்டு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். பணமும் திரட்ட முடியும் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பூங்கா வேலைக்கு மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும்.

ஜூன் 5 வேண்டாம். சென்னைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் வாரத்தில் நட்டால் அனலில் லாரித் தண்ணீரை நம்பித்தான் கன்று நிற்க வேண்டும். அன்றைக்கு மரங்களைக் கணக்கெடுங்கள், குழிக்கு இடம் குறியுங்கள். ஆகஸ்டில் குழி எடுத்து ஆறப்போட்டு, செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் நடுவரைக்குள் நட்டுவிட்டால் மழைக்கு முன் வேர் பிடிக்கத் தொடங்கிவிடும்.

போன வருடம் நட்டதில் பாதிக்கு மேல் செத்துப்போயின. தினமும் தண்ணீர் ஊற்றினோம். எங்கே தப்பு? (கொரட்டூர்)

தினமும் ஊற்றியதே ஒரு காரணமாக இருக்கலாம். செத்த கன்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வேர் கறுத்து, அழுகல் வாடை அடித்தால் நீர் தேங்கியிருக்கிறது. களிமண்ணில் தோண்டிய குழி தொட்டி மாதிரி நீரைப் பிடித்துக்கொள்ளும். குழியில் ஒரு குடம் ஊற்றி, மறுநாளும் நீர் நின்றால் அங்கே தரையை முக்கால் அடி மேடாக்கி, மேட்டின் மேல் நடுங்கள்.

வேர்கள் பையின் வடிவத்திலேயே சுருண்டிருந்தால் கறுப்புப் பாலிதீன் பையைக் கழற்றாமல் நட்டிருக்கிறார்கள், அல்லது பையிலேயே நெடுநாள் கிடந்த கன்றை வாங்கியிருக்கிறார்கள். அடியில் மட்டும் பையைக் கிழித்துவிட்டு நடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பையை முழுக்க எடுத்துவிட வேண்டும். வெளிப்புறம் சுற்றிய வேர்களைக் கூர்மையான கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் கீறிவிடுங்கள். கீறாமல் விட்டால் கன்று ஐந்தாறு வருடம் நன்றாகவே வளரும், ஆனால் வேர் பரவியிருக்காது. முதல் பெருங்காற்றில் சாயும்.

தண்டு தரையைத் தொடும் இடத்தில் பட்டை மெத்தென்று உரிந்தால் ஆழமாக நட்டுவிட்டீர்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும் இருக்க வேண்டும். நட்ட அன்று சரியாக இருந்தும் பிறகு அமுங்கிப்போவதுண்டு. இளகிய மண்ணைக் குழியில் நிரப்பி உடனே நட்டால் முதல் மழையில் மண்ணோடு கன்றும் அரை அடி இறங்கும். அதனால் முக்கால் குழி நிரப்பி மிதித்து, நீர் விட்டு, இரண்டு நாள் கழித்து நடுங்கள்.

குழி அளவு நீள அகல ஆழம் மூன்றடி. நகரப் பூங்காவில் தோண்டினால் பெரும்பாலும் செங்கல் துண்டு, ஜல்லி, சுண்ணாம்புப் பூச்சு என்று கட்டட இடிபாடுகள்தான் வரும். அதை வெளியே அனுப்பிவிட்டு இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். கரையானுக்கு அரை கிலோ வேப்பம் பிண்ணாக்கு. பச்சைச் சாணம் போடவே கூடாது. அது சூடு கிளப்பி வேரைக் கருக்கும், கரையானையும் அழைத்து வரும்.

தண்ணீர்: நட்ட அன்று 15 லிட்டர். மழை பிடிக்கும்வரை இரண்டு நாளைக்கு ஒருமுறை 10 லிட்டர். மார்ச் முதல் ஜூன் வரை வாரம் இரண்டு முறை, முறைக்கு 20 லிட்டர், நிதானமாக. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை மணலில் மட்டும் அளவைக் குறைத்து அடிக்கடி ஊற்ற வேண்டும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டப் பாத்தி, அதன்மேல் மூன்று அங்குலக் காய்ந்த சருகு. சருகு தண்டைத் தொடக் கூடாது.

கடைசியாக, கழுத்துப் பகுதியைப் பாருங்கள். குச்சியோடு கட்டிய பிளாஸ்டிக் கயிறு தண்டில் அமுங்கியிருக்கிறதா? சணல் கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். இரும்புக் கூண்டையும் தண்டு கம்பியை உரசும் முன் கழற்றிவிடுங்கள். நன்கொடையாளர் பெயர்ப் பலகை இருக்கிறதே என்று விட்டு, கூண்டு மரத்துக்குள் புதைந்த காட்சியைச் சென்னைத் தெருக்களில் நிறையவே பார்க்கலாம்.

என்னென்ன மரம் நடலாம்? சீக்கிரம் வளர வேண்டும். (மடிப்பாக்கம்)

சீக்கிரம் வளர்வதை முதல் தகுதியாக வைக்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, வேகமாக வளர்ந்து நிழல் தந்த பெருங்கொன்றை, மயில்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற அயல் மரங்கள் அதில் ஏராளம்.

பெரிய இடம் இருந்தால் இலுப்பை, நாவல், நீர்மருது, வேம்பு. 25 முதல் 30 அடி இடைவெளி. நடுத்தர இடத்துக்கு மகிழம், புன்னை, புங்கம், பூவரசு. மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, பவழமல்லி போன்ற சிறு மரங்கள் போதும். ஆலும் அரசும் சுற்றுச்சுவரிலிருந்து குறைந்தது 40 அடி தள்ளி இடம் இருந்தால் மட்டுமே.

பூவரசைப் போத்து (தடித்த கிளைத்துண்டு) வெட்டி நடுவது எளிதுதான். ஆனால் போத்திலிருந்து வளர்ந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. புயலடிக்கும் ஊரில் விதைக்கன்று நல்லது. நாவலை நடைபாதை ஓரம் வைக்காதீர்கள். பழம் விழுந்து நசுங்கினால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். குழந்தைகள் விளையாடும் பக்கம் அரளி வகை எதுவும் வேண்டாம், எல்லாமே நஞ்சு. வேலிக்குப் பச்சைச் சுவர் போல நிற்கும் என்று கோனோகார்பஸ் கன்றை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் அதை நடத் தடை விதித்துவிட்டன.

பூங்காவில் உள்ள வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகுகின்றன. வெட்டிவிடலாமா? (தாம்பரம்)

வெட்ட வேண்டாம். தேயிலைக் கொசு என்னும் பூச்சி சாறு உறிஞ்சுவதும், கூடவே ஒரு பூஞ்சை தாக்குவதும் சேர்ந்து வருவது இது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மரமே பட்டதுபோல் தெரியும். வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் துளிர்த்துவிடும். எட்டும் உயரத்தில் காய்ந்த குச்சிகளை மட்டும் வெட்டி அப்புறப்படுத்துங்கள். கோடையிலும் துளிர்க்காத மரத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

எங்கள் பூங்காவின் மூலையில் மியாவாக்கி காடு அமைக்கலாமா? (வளசரவாக்கம்)

ஜப்பானியத் தாவரவியலர் அகிரா மியாவாக்கியின் முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று வைப்பார்கள். ஆயிரம் சதுர அடிக்கு 280 முதல் 370 கன்று. மூன்றடி ஆழத்துக்கு மண்ணை மாற்ற வேண்டும், இரண்டு மூன்று ஆண்டு நீரும் களையெடுப்பும் தவறக் கூடாது. பயன்படாமல் கிடக்கும் குப்பைமேடு, சாலையோர இரைச்சலை மறைக்க வேண்டிய விளிம்பு என்றால் தாராளமாகச் செய்யலாம். மாநகராட்சியே 2020-ல் கோட்டூர்புரத்தில் அமைத்திருக்கிறது.

ஆனால் அதற்குள் யாரும் நடக்க முடியாது, உட்கார முடியாது. மக்கள் புழங்கும் சின்னப் பூங்காவில் இருக்கிற திறந்த இடத்தை இதற்குக் கொடுப்பது சரியில்லை என்பதே எங்கள் கருத்து. நடப்பதற்கும் கற்பதற்குமான தோப்பு வேண்டுமென்றால் கோட்டூர்புரத்திலேயே அடையாற்றங்கரையில் ‘நிழல்’ அமைப்பும் தன்னார்வலர்களும் 2006 முதல் வளர்த்த மரப்பூங்காவை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மழைக்கு முன் கிளைகளைக் கழிக்க வேண்டும். உச்சியை வெட்டிக் குறைக்கலாமா? (கே.கே. நகர்)

உச்சியை மொட்டையடிப்பதுதான் மரத்துக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல். வெட்டிய இடத்திலிருந்து பத்துப் பதினைந்து கிளைகள் கொத்தாகக் கிளம்பும். அவை பட்டையோடு மட்டும் ஒட்டியிருப்பதால் அடுத்த புயலில் முறியும். வெட்டுப்பட்ட தண்டு உள்ளே அழுகும்.

செய்ய வேண்டியது ஜூலை, ஆகஸ்டில் கிளைகளை இடைவிட்டுக் கழித்து, காற்று ஊடுருவ வழி செய்வது. காய்ந்தவை, உரசுபவை, ஒரு பக்கமாகப் பாரம் ஏற்றுபவை முதலில். ஒரே தடவையில் கால்வாசிக்கு மேல் கழிக்காதீர்கள். பருத்த கிளையை மூன்று வெட்டாக எடுங்கள்: தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்புறமிருந்து கிளையின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, மிஞ்சிய முண்டை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள அடிப்புடைப்புக்கு வெளியே ஒட்டினாற்போல் மூன்றாவது. முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டியதில்லை. மரம் தானே மூடிக்கொள்ளும்.

மின்கம்பிக்கு அருகில் என்றால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் தொடாதீர்கள். மாநகராட்சிக்கு 1913. பொது இடத்து மரத்தை முழுதாக வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

புயலில் சாய்ந்தாலும், வேர்த்தொகுதி பாதிக்கு மேல் மண்ணில் இருந்தால் இளமரத்தை மீட்கலாம். முதல் வேலை, வெளியே தெரியும் வேரை ஈரச் சாக்கால் மூடுவது. பிய்ந்த வேர்நுனிகளைச் சீராக வெட்டி, கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, ஓரிரு நாளுக்குள் நிமிர்த்தி மூன்று பக்கம் முட்டுக் கொடுங்கள். முட்டு ஓராண்டு இருக்கட்டும்.

நடைபாதை போட்ட ஒப்பந்ததாரர் மரத்தின் அடிவரை சிமென்ட் பூசிவிட்டார். (அடையாறு)

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று டெல்லி மரங்கள் தொடர்பாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி மண்டலப் பொறியாளரிடம் மனு கொடுங்கள். உடைக்கும்போது இயந்திரம் வேண்டாம். உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மேல்வேர்கள் நசுங்கும்.

தொடக்க விழாவுக்கு நூறு பேர் வந்தார்கள், இப்போது நான்கு பேர்தான். எப்படித் தக்கவைப்பது? (பெரம்பூர்)

“எல்லோரும் வாருங்கள்” என்ற அழைப்பில் யாருக்கும் பொறுப்பு இல்லை. மரத்துக்கு இரண்டு வீடு என்று பெயர் எழுதிப் பிரியுங்கள். ஒரு வீட்டார் ஊருக்குப் போனால் மற்றவர் பார்த்துக்கொள்வார். பூங்கா வாயிலில் ஒரு பலகை. அதில் மரத்தின் எண், கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய தேதி. காலை நடைக்கு வருபவர்களில் பலர் ஒரு குடம் ஊற்றத் தயாராகவே இருக்கிறார்கள், எந்த மரத்துக்கு என்று தெரியாததுதான் தடை. பூங்கா ஊழியரையும் தோட்டக்காரரையும் முதல் கூட்டத்திலேயே அழைத்துவிடுங்கள். அவர்களை விட்டுவிட்டுச் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

மாதம் ஒரு ஞாயிறு, காலை ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் நீட்டாதீர்கள். அரைமணி களையும் பாத்தியும், மீதி நேரம் மர நடை. ஒரு நடைக்கு ஐந்து மரம் போதும். இலையைக் கசக்கி முகர்வது, பட்டையைத் தடவுவது, மகிழம்பூ பொறுக்கிக் கோப்பது என்றால் பிள்ளைகள் விடாமல் வருவார்கள். பள்ளி மாணவர்களை ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் சேர்க்கலாம். ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை துளிர், பூ, காய் நிலையைப் பதிவு செய்வார்கள். பெயர்ப்பலகையை ஆணி அடித்து மாட்டாதீர்கள். தரையில் குச்சி நட்டு அதில் மாட்டுங்கள்.

3, 6, 12-ஆவது மாதங்களில் உயிரோடு உள்ள கன்றுகளை எண்ணி அதே பலகையில் எழுதுங்கள். செத்ததை மறைக்க வேண்டாம். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த நன்கொடையாளரும் நம்புவார்.

பூங்கா ஊழியர்கள் தினமும் சருகைக் கூட்டி எரிக்கிறார்கள். (நங்கநல்லூர்)

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் முதலே இதற்குத் தடை இருக்கிறது. ஆனால் சருகைப் போட வேறு இடம் இல்லாதபோது ஊழியரைக் கடிந்து பயனில்லை. கோழிவலையை நான்கடி விட்டம், நான்கடி உயரத்துக்கு வளையமாகக் கட்டி நிழலில் வையுங்கள். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைப் புல் அல்லது காய்கறிக் கழிவு, ஒவ்வோர் அடுக்குக்கும் சாணிக்கரைசல் தெளிப்பு. கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரும் ஈரம் போதும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் உரமாகிவிடும். பெருங்கொன்றையின் சிற்றிலைகள் சீக்கிரம் மட்கும். மாவிலை, பாதாம் இலை போன்ற தடித்தவற்றை நறுக்கிப் போடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். சூடே ஏறவில்லை என்றால் பச்சை போதவில்லை.

எங்கள் பூங்காவின் போர்வெல் உப்புத் தண்ணீர். (திருவொற்றியூர்)

புன்னை, பூவரசு, புங்கம் மூன்றும் ஓரளவு உப்பைத் தாங்கும், அவற்றை முதன்மையாக வையுங்கள். முதல் ஆண்டு மட்டும் பக்கத்து அடுக்ககத்தின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து மறுசுழற்சி நீர் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் பாத்தியை அகலப்படுத்தி மழைநீரைத் தேக்கி இறக்கினால் வேர்ப்பகுதியில் சேர்ந்த உப்பு கீழே போய்விடும். உப்புநீரை இலைமேல் படும்படி பீய்ச்சாதீர்கள், ஓரம் கருகும்.