வியாழன் ஏன் நெளிகிறது? – வாசகர் கேள்வி பதில்

6 அங்குல டாப்சோனியன் (உள்ளே கண்ணாடி வைத்து, எளிய பீடத்தில் நிற்கும் வகை) தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். நிலா அருமையாகத் தெரிகிறது. வியாழன் மட்டும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளிகிறது. 10 மி.மீ. ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் இன்னும் மோசம். கண்ணாடியில் கோளாறா?
– வேளச்சேரி வாசகர்

கண்ணாடி மேல் பழி போடுமுன் காலடியைப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த மொட்டை மாடி, இருட்டிய பிறகு மூன்று நான்கு மணி நேரம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடான காற்று உங்கள் குழாயின் வாய்க்கு முன்னால்தான் மேலேறுகிறது. நிலாவிலும் இதே நெளிவு உண்டு. விளிம்பை உற்றுப் பார்த்தால் தெரியும். மேடுபள்ளம் நிறைய இருப்பதால் கண் அதை மன்னித்துவிடுகிறது.

சந்தேகம் தீர ஒரு சோதனை. தலைக்கு மேலே உள்ள ஏதாவது பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து, ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுங்கள். நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த ஒளி வட்டம் ஒன்று தெரியும். வட்டத்தின் மேல் ஆற்று நீர் ஓடுவதுபோல் வேகமாக அலை ஓடினால் அது வெளிக்காற்று. கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. ஊதுவத்திப் புகை மாதிரி மெதுவாக ஒரு பக்கமாகவே சுருண்டு ஏறினால் அது குழாய்க்குள் இருக்கும் சூடு. அரை மணி நேரம் வெளியில் வைத்தால் அடங்கும். மேல்மாடியின் வெயில் அறையில் வைத்திருந்தால் ஒரு மணி நேரம் கொடுங்கள். கறுப்புப் பொட்டு ஓரமாக ஒதுங்கியிருந்தால்தான் கண்ணாடிகளின் நேர்ப்பாடு கலைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி வைத்தியம். இரவு 10 மணிக்கு மேல், அல்லது விடியற்காலை 4 மணிக்குப் பாருங்கள். மாடிக்குத் தண்ணீர் தெளிப்பதானால் மாலை 5 மணிக்கே தெளித்துவிடுங்கள். பார்க்கிற நேரத்தில் தெளித்தால் அந்த ஈரம் லென்சில் வந்து உட்காரும். பக்கத்து வீட்டு ஏ.சி. வெளியூனிட்டுக்கு மேலாகக் குறிவைக்காதீர்கள். முக்கியமாக, கிரகம் உயரே வரும்வரை காத்திருங்கள். 30 டிகிரி உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி, உச்சந்தலைக்கு நேரே இருப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. இதில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வியாழனும் சனியும் தெற்கே தாழ்ந்து செல்லும் ஆண்டுகளில்கூட உச்சத்தில் 50 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அதே கிரகம் லண்டனில் 15 டிகிரியில் புகைபோக்கிகளுக்கு நடுவே தட்டுத்தடுமாறும்.

உருப்பெருக்கம் எவ்வளவு? குழாயின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வரும். உங்கள் வகைக் கருவிக்குப் பொதுவாக 1200 மி.மீ. இருக்கும். 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 10 மி.மீ.-இல் 120. நம் ஊர்க் காற்றில் பெரும்பாலான இரவுகளுக்கு 120 போதும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து 20 நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நடுநடுவே ஓரிரு விநாடி காற்று அடங்கும்போது வியாழனின் இரண்டு பட்டைகளும் கோடு போட்டதுபோல் வரும். அந்த விநாடிகளுக்காகத்தான் இவ்வளவும்.

இன்னொன்று, பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது: மழை விட்டதும் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்து நட்சத்திரங்கள் பளபளவென்று மின்னினால் அது கிரகம் பார்க்கும் இரவு அல்ல. மின்னுவதே காற்றின் ஆட்டம்தானே. காற்றசையாமல் லேசாக மூடாக்குப் போட்டிருக்கும் தை மாத இரவில் சனியின் வளையம் செதுக்கியதுபோல் நிற்கும். போகிப் புகை மட்டும் விதிவிலக்கு, அன்று தூங்கிவிடலாம்.

தொலைநோக்கியை ஏ.சி. அறையில் வைத்திருக்கிறேன். மாடிக்குக் கொண்டுபோனதும் லென்ஸை ஈரம் மூடிக்கொள்கிறது. துடைத்தால் மறுபடி மூடுகிறது.
– கடலூர் வாசகர்

முதலில் துடைப்பதை நிறுத்துங்கள். கடலோரக் காற்றில் உப்பும் தூசியும் இருக்கும். சட்டை நுனியால் தேய்த்தால் லென்ஸின் மேல்பூச்சில் கீறல் விழும்.

குளிர்ந்த சொம்பு வியர்ப்பதுபோலத்தான் இதுவும். 24 டிகிரியில் கிடந்த கண்ணாடி, கோடையின் புழுக்கக் காற்றில் பட்டதும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. குளிர்நாட்டுக் கையேடுகள் கருவியைக் குளிரவிடச் சொல்லும். உங்களுக்கு வேண்டியது நேர் எதிர். மூடியைக் கழற்றாமல், பெட்டியையும் திறக்காமல், ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள். ஏ.சி. இல்லாத அறைக்கே மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நள்ளிரவுக்குப் பிறகு படியும் பனி வேறு விஷயம். லென்ஸ் நேராக வானத்தைப் பார்த்திருப்பதால் தன் சூட்டை இழந்து சில்லிட்டுப்போகும். கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டி, லென்ஸ் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளத்துக்கு முன்னால் மாட்டிவிடுங்கள். 70 மி.மீ. லென்சுக்கு 12 செ.மீ. போதும். பக்கத்து விளக்கின் வெளிச்சத்தையும் அது தடுக்கும். அதையும் மீறிப் படிந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே காட்டுங்கள். பயன்படுத்தாத ஐபீஸ்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், உடம்புச் சூடே காவல்.

ஈரத்தோடு மூடி போடாதீர்கள். பூஞ்சை அங்கேதான் பிறக்கும்: லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு, சில மாதங்களில் அது கிளைவிடும். நன்றாகக் காய்ந்தபின் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பானால் ஒரு பழைய தகரத் தட்டில் மிதமான சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். அந்தத் தட்டைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

எங்கள் தெருவில் எல்லாம் எல்.இ.டி. விளக்காகிவிட்டது. ஒளி மாசு ஃபில்டர் வாங்கினால் கேலக்சி தெரியுமா?
– மதுரை வாசகர்

தெரியாது. மஞ்சள் சோடியம் விளக்கு 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டித்தான் அதிகம் ஒளிரும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிய ஃபில்டரால் முடிந்தது. வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. கேலக்சியின் ஒளியும் அப்படியேதான். ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும்.

ஓரியன் நெபுலா மாதிரி வாயு மேகங்களுக்கு மட்டும் யு.எச்.சி. ஃபில்டர் கைகொடுக்கும். அவற்றின் ஒளி 486, 496, 501 நானோமீட்டர்களில் குவிந்திருப்பதால் அந்த ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் போதும். குறைந்த உருப்பெருக்கத்தோடு பயன்படுத்துங்கள்.

காசு செலவழிக்குமுன் துணிக்கொடியில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டுத் தெருவிளக்கை மறைத்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் நல்ல இடம். தலைமேல் கறுப்புத் துண்டு போட்டுக்கொண்டு, 20 நிமிடம் செல்போனைத் தொடாமல் இருந்தாலே பாதி ஃபில்டர் வேலை நடந்துவிடும்.

டெலஸ்கோப் பெட்டியில் 'சன்' என்று எழுதிய சிறிய கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. ஐபீஸில் திருகிச் சூரியனைப் பார்க்கலாமா?
– சேலம் வாசகர்

கூடவே கூடாது. குவிந்த வெப்பம் முழுவதும் அந்தக் கண்ணாடியில்தான் விழும். அது விரிசல் விட்ட நொடியில் கண் போய்விடும். இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரிய ஃபில்டர் குழாயின் முன்வாயை முழுவதும் மூடுவதாக இருக்க வேண்டும்.

ஈக்வடோரியல் ஸ்டாண்டை (பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சைச் சாய்த்து வைக்கும் தாங்கி) சரிசெய்யத் துருவ நட்சத்திரம் தேவையாமே. எங்கள் மாடியிலிருந்து தெரியவே இல்லை.
– திருச்சி வாசகர்

உங்கள் ஊரில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், எதிர்வீடு மறைத்துவிடும். கவலை வேண்டாம். அச்சின் சாய்வை 11 டிகிரியில் வைத்து, காந்த ஊசியால் வடக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் 2 டிகிரிகூட இல்லை. கண்ணால் பார்க்க அது தாராளம். ஊசியை ஸ்டாண்டின் இரும்புக்கு அருகில் வைக்காதீர்கள். இவ்வளவு தாழ்ந்த சாய்வில் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வடதிசை இரண்டு கால்களுக்கு நடுவே வருமாறு தலையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

நிலாவும் கிரகமும் தவிர நகரத்து வானில் பார்க்க என்ன இருக்கிறது?
– ஆவடி வாசகர்

இரட்டை நட்சத்திரங்கள். வெளிச்சம் அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது. கல்யாணத்தில் காட்டும் அருந்ததிக்குப் பக்கத்து வசிட்டரைத் தொலைநோக்கியில் பாருங்கள். 50 மடங்கில் அவரே இரண்டாகப் பிரிவார்.

கோடையில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டத்தைத் தேடுங்கள். நகர வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வழி சுலபம். மே நடுவில் இரவு 10 மணி வாக்கில் சித்திரை நட்சத்திரம் நேர் தெற்கில் உச்சத்துக்கு வரும். அதை நடுவில் பிடித்து, தச்சர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் கோணமானியைக் குழாயின் மேல் வையுங்கள். 66 டிகிரி அளவில் காட்டும். இடவலமாக அசைக்காமல் குழாயை 36 டிகிரி கீழே இறக்குங்கள். 25 மி.மீ. ஐபீஸில், ரவையைக் கொட்டிவைத்ததுபோல் ஒரு மங்கலான வட்டம் தெரியும். தெரியாவிட்டால் குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசையும் மங்கலைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.