பல மணி நேரம் படித்தும் மதிப்பெண் உயராதது ஏன்?

"உயர்வகுப்பில் படிக்கும் என் மகள் நாள்தோறும் பல மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், ஆனாலும் மதிப்பெண் உயரவில்லை. இப்போது படிப்பிலேயே மனம் ஒட்டவில்லை என்கிறாள். படிக்கும் பழக்கம், ஊக்கம், மதிப்பெண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை, இவற்றுள் எதை முதலில் சரிசெய்வது?" என்பது கேள்வி. கணித ஆசிரியராக நான் பல ஆண்டுகளாக விடைத்தாள்களையும் அவற்றை எழுதிய பிள்ளைகளையும் சேர்த்தே பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தோடு, இத்துறை ஆய்வுகளில் நான் படித்தறிந்தவற்றையும் வைத்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊக்கம் வந்தால் பழக்கம் வரும், பழக்கம் வந்தால் மதிப்பெண் வரும் என்றுதான் பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். அதனால் பிள்ளைக்கு அறிவுரை சொல்லி ஊக்கத்தை உண்டாக்குவதிலேயே அவர்களுடைய ஆற்றல் முழுவதும் செலவாகிறது. நான் கண்டவரை இந்த வரிசை பாதி அளவுக்கே உண்மை. படிக்கும் முறை மாறி, "எனக்கு இது வருகிறது" என்பதைப் பிள்ளை தானே கண்டுகொண்ட பிறகு பிறக்கிற ஊக்கமே நிலைத்து நிற்கிறது. ஆகவே உங்கள் மகள் விஷயத்தில் படிக்கும் முறையிலிருந்து தொடங்குவதே சரி என்று கருதுகிறேன்.

படிக்கும் நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் ஆஷ்பி பிளான்ட், ஆன்டர்ஸ் எரிக்சன் முதலியோர் கல்லூரி மாணவர்களிடையே ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. எவ்வளவு நேரம் படித்தார்கள் என்பதை மட்டும் வைத்து மதிப்பெண்ணைக் கணிக்க முடியவில்லை. எப்படிப் படித்தார்கள், இதற்கு முன் எந்த நிலையில் இருந்தார்கள் என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் நேரத்தின் பங்கு புலப்பட்டது. பாடம் எளிதாகப் பிடிபடுகிற மாணவர் குறைந்த நேரத்தில் எழுந்துவிடுகிறார். தடுமாறுகிற மாணவர் நள்ளிரவு வரை உட்கார்ந்திருக்கிறார். ஆகையால், மணிக்கணக்கை மட்டும் ஒப்பிட்டால் அதிகம் படிப்பவர் குறைவாக வாங்குவதுபோலக்கூடத் தோன்றும். உங்கள் மகளின் பல மணி நேர உழைப்பு பொய்யல்ல. அந்த நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது, முக்கியமான வரிகளின் கீழே கோடு போடுவது, வண்ணப் பேனாவால் தீட்டுவது, இவைதான். இந்த முறையின் பலம் எவ்வளவு என்பதை ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கே ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை தெளிவாகக் காட்டியது. ஒரு குழுவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு சுற்றுகள் வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரே ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றுகளில் அதைப் பார்க்காமலே, நினைவில் இருந்தவற்றை எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, வாசித்துக்கொண்டே இருந்தவர்கள் ஏறக்குறைய 83 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களின் அளவு 40 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காட்டில் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவில் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நான்கு முறை வாசித்தவர்களே என்பதுதான் இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் மகளைப் போன்ற உழைப்பாளிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பக்கத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது கண் தடையில்லாமல் ஓடுகிறது. ஒவ்வொரு வரியும் பழகிய முகமாகத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தையே மனம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. கணிதத்தில் இது இன்னும் கடுமையாக நடக்கும். தீர்த்து வைத்த கணக்கை வரிவரியாகப் பார்த்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு ஒவ்வோர் அடியும் புரியும். ஆனால் முதல் அடியை ஏன் அப்படி எடுத்தார்கள் என்பதைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வேலை அங்கே இல்லவே இல்லை. தேர்வில் கேட்கப்படுவதோ அந்த ஒரு வேலைதான். "வீட்டில் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது, அங்கே எழுத வரவில்லை" என்று பிள்ளைகள் சொல்லும்போது அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடாதீர்கள். நடந்ததை அவர்கள் அப்படியே சொல்கிறார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இடைவெளி. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற பிறகு மறதி முதலில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதையும், ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிடப் பல நாள்களுக்குப் பிரித்துப் படிப்பது குறைந்த முயற்சியில் நிலைக்கிறது என்பதையும் அவரே கண்டிருந்தார். தேர்வுக்கு முந்திய இரவில் படித்தது மறுநாள் காலையில் ஓரளவு கைகொடுக்கிறது; அதனால்தான் அந்தப் பழக்கம் விடாமல் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அடுத்த பருவத்தில் அதே பாடத்தின் மேல் புதிய பாடம் ஏறும்போது, கீழே எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. ஒரு வகுப்பு வரை நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை உயர்வகுப்புக்கு வந்ததும் சரிவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஜான் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது ஆகிய இரண்டு மட்டுமே உயர்ந்த பயனுடையவை என்ற இடத்தைப் பெற்றன. மறுவாசிப்பும் அடிக்கோடிடுவதும் குறைந்த பயனுடையவற்றின் வரிசையில் வைக்கப்பட்டன. கணிதத்துக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், நான்கு வகைக் கன உருவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை ஒரு குழு வகைவகையாகப் பிரித்தும், மற்றொரு குழு எல்லாவற்றையும் கலந்தும் போட்டுப் பழகின. பயிற்சியின்போது கலந்து போட்டவர்கள் பின்தங்கியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் அவர்கள் 63 விழுக்காடு பெற, பிரித்துப் போட்டவர்கள் 20 விழுக்காட்டில் நின்றார்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று கண்டுபிடிக்கும் பயிற்சி கலந்து போடும்போதுதான் கிடைக்கிறது.

பழக்கத்தின் எடை மொத்தத்தில் எவ்வளவு என்று கேட்டால், மார்கஸ் கிரெடே, நேதன் குன்செல் இருவரும் 2008இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துச் செய்த பகுப்பாய்வைக் குறிப்பிடலாம். கல்லூரி மாணவர்களின் மதிப்பெண்ணைக் கணிப்பதில் நுழைவுத் தேர்வும் முந்தைய மதிப்பெண்ணும் எவ்வளவு உதவுகின்றனவோ ஏறக்குறைய அதே அளவுக்குப் படிக்கும் பழக்கமும் திறனும் உதவுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அதோடு, இவை அவ்விரண்டையும் பெரிதும் சாராதவை. பழக்கம் மிகவும் புத்திசாலிகளுக்கு மட்டும் அமைகிற ஒன்றல்ல என்பது பெற்றோருக்கு ஆறுதல் தர வேண்டிய செய்தி.

இனி ஊக்கம். மிஷெல் ரிச்சர்ட்சனும் உடன் ஆய்வாளர்களும் 13 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மதிப்பெண்ணோடு மிக வலுவாகப் பொருந்தியது, "இந்த அளவுக்கு என்னால் வாங்க முடியும்" என்று மாணவர் தம் செயல்திறன் மீது வைத்திருந்த நம்பிக்கை. இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து கூடிக் குறைகின்றன என்பதைக் காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுமையாக ஒத்துப்போனால் 1) அதற்கு 0.59. சலிப்பு வந்தாலும் முயற்சியை விடாமல் தொடரும் இயல்புக்கு அது 0.3ஐ ஒட்டியே இருந்தது. 0.3 என்பதை வர்க்கமாக்கிப் பார்த்தால், மாணவர்களிடையே உள்ள மதிப்பெண் வேறுபாட்டில் ஏறக்குறைய 9 விழுக்காடுதான் அதோடு சேர்ந்து போகிறது என்று பொருள். இது சிறிதல்ல, ஆனால் எல்லாமும் அல்ல. அந்த 0.59ஐயும் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் முன்பு நன்றாக எழுதியவருக்கே தம் மீது அப்படியொரு நம்பிக்கை வருகிறது; அந்த நம்பிக்கையில் பெரும்பகுதி பழைய மதிப்பெண்ணின் நிழல்.

எது எதை உண்டாக்குகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் இன்னும் ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். கனடாவில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஒன்றில், கணிதத்தில் நன்றாகச் செய்த குழந்தைகளுக்குப் பின்னாளில் கணித ஆர்வம் கூடியது. ஆர்வம் முதலில் இருந்து அதனால் பின்னாளில் மதிப்பெண் கூடியது என்பதற்கு அந்தத் தரவில் ஆதாரம் கிடைக்கவில்லை. படிப்பில் தன்னைப் பற்றிய மதிப்பீட்டை நெடுங்காலம் ஆராய்ந்த ஹெர்பர்ட் மார்ஷ், அந்த மதிப்பீடும் மதிப்பெண்ணும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கொள்கிறார். வயது, பாடம், எதை ஊக்கம் என்று அளக்கிறோம் என்பவற்றைப் பொறுத்து விடை மாறலாம். ஆனால் ஊக்கம் எப்போதும் முதலில் வர வேண்டும் என்ற கருத்துக்கு மட்டும் இவற்றில் எதுவும் துணை நிற்கவில்லை. "மனம் ஒட்டவில்லை" என்று உங்கள் மகள் சொல்வதை நான் சோம்பல் என்று வாசிக்கவில்லை. இவ்வளவு உழைத்தும் பலன் இல்லாததைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளை அடைகிற நியாயமான சோர்வு அது.

மதிப்பெண்ணுக்குப் பரிசு அறிவிப்பதைப் பற்றியும் ஒரு சொல். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமாக இருந்த மழலையரில் ஒரு பிரிவினருக்கு "வரைந்தால் பரிசு" என்று முன்பே சொல்லிவிட்டு, வரைந்ததும் பரிசைக் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் தாமாக வரைந்த நேரத்தைக் கணக்கிட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைப்போல ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆர்வமே இல்லாத பாடத்தில் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று வாதிடலாம், அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆயினும் உங்கள் மகளுக்குப் பிடித்த பாடம் ஒன்று மிச்சமிருந்தால், அதன் மேல் பேரம் பேசாதீர்கள்.

செய்ய வேண்டியதற்கு வருகிறேன். ஒரே ஒரு பாடத்தை, அதிலும் அவளுக்குச் சற்றே கடினமான, ஆனால் அறவே புரியாத நிலையில் இல்லாத ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் நினைவில் உள்ளதை எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை, புத்தகத்தைத் தொடாமல், மறுபடி எழுதிப் பார்க்கட்டும். பிறகு ஒரு வாரம் கழித்து ஒருமுறை. தாள்களைத் தேதி போட்டு வைத்திருந்தால் வேறு நிறம் குறைந்துகொண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். தேர்வு மதிப்பெண் வரும் வரை காத்திருக்காமல் முன்னேற்றத்தைப் பிள்ளையே காண்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும், "முன்பைவிட மோசமாகிவிட்டது" என்றுகூடச் சொல்வாள். எழுத வராத இடம் இப்போதுதான் வெளிப்படுகிறது என்பதால் அப்படித் தோன்றுகிறது என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள். "இன்று நன்றாகப் படிக்க வேண்டும்" என்ற பொதுவான உறுதியைவிட, "இரவு உணவு முடிந்ததும் இந்த மேசையில் மூன்றாம் பாடத்தை எழுதிப் பார்ப்பேன்" என்று நேரத்தையும் இடத்தையும் செயலையும் சேர்த்து முடிவு செய்வது நடைமுறைக்கு வருகிறது என்பதை பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. தூக்கத்தைக் குறைத்து இதற்கு நேரம் தேட வேண்டாம். மறுவாசிப்பில் போகிற நேரத்தில் ஒரு பகுதியை எடுத்தாலே போதும்.

இதற்கு இணையாக, அவளுடைய அண்மைய விடைத்தாள்களை அவளோடு சேர்ந்து, கண்டிக்கும் நோக்கம் இல்லாமல், பாருங்கள். மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் அது தெரியாததாலா, தெரிந்தும் நினைவுக்கு வராததாலா, கேள்வியைத் தவறாக வாசித்ததாலா, நேரம் போதாததாலா என்று அவளே குறிக்கட்டும். நினைவுக்கு வராததே மிகுதி என்றால் மேலே சொன்ன முறை நேரடியாக உதவும். தெரியாததே மிகுதி என்றால் ஆசிரியரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய அடிப்படை எங்கோ விட்டுப்போயிருக்கிறது. வாசிப்பே வழக்கத்துக்கு மாறாக மெதுவாக இருந்தாலோ, எழுத்துகள் குழம்புகின்றன, தலை வலிக்கிறது என்றாலோ, தேர்வறையில் கைநடுங்கி எல்லாம் மறந்துபோகிறது என்றாலோ, முன்பு மகிழ்ச்சி தந்த விளையாட்டும் நட்பும்கூட இப்போது வேண்டாம் என்கிறாள் என்றாலோ, இது படிக்கும் பழக்கத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. அப்போது முதலில் கண் மருத்துவரையோ, கற்றல் குறைபாட்டை மதிப்பிடுபவரையோ, மனநல ஆலோசகரையோ பாருங்கள். பாடத்தைப் பற்றிய பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.