1983 கலவரம்தானே இலங்கைப் போருக்குக் காரணம்?

கேட்டவர் தமிழ்நாட்டுப் பிள்ளை என்று நினைக்கிறேன். திருநெல்வேலியில் (உங்கள் ஊர் அல்ல, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி) 13 படையினர் கொல்லப்பட்டதையும், அடுத்த நாட்களில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்ததையும் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள். சரி, போர் பெரிதாக வெடித்தது அப்போதுதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு அது 1962இலேயே ஒரு கடிதமாக வந்துவிட்டது.

அப்பா அரச எழுதுவினைஞர் (கிளார்க்), குருநாகலில் வேலை. 1956இல் பண்டாரநாயக்காவின் அரசு சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அப்புறம் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை வந்தது; எழுதாவிட்டால் சம்பள ஏற்றம் கிடையாது. அப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். சந்தையில் மரக்கறிக்காரியோடு அரை மணி நேரம் பேரம் பேசுவார். இங்கிலிஷில் எடுத்த வேலைக்கு நடுவில் என்ன புதுப் பரீட்சை என்பதுதான் அவருடைய கோபம். எழுதவில்லை. கடிதம் சிங்களத்தில் வந்தது. தடங்கலில்லாமல் வாசித்து அம்மாவிடம் சொன்னார்: “எனக்குச் சிங்களம் தெரியாதாம்.”

அதே காரணத்துக்காகச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், 1967இல் உயர் நீதிமன்றத்தில் (உங்கள் ஊர் சுப்ரீம் கோர்ட் போல) தோற்றார். 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் (அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீடு அங்கேதான்), அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காடலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்பதற்கு மட்டும் பதில் இல்லை. அப்பா ஒவ்வொரு பேப்பர் செய்தியையும் வெட்டிக் கோப்பில் ஒட்டினார். பண்டாரநாயக்காவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் 1957இல் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் ஒரு வருடம்கூடத் தாங்காததைப் பார்த்த பிறகும் அவர் கோர்ட்டை நம்பினார்.

அண்ணன் நம்பவில்லை. 1971 பல்கலைக்கழக அனுமதியில் பேராதனையில் பொறியியலுக்குத் தமிழில் எழுதியவருக்கு 400க்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும். அண்ணன் எடுத்தது 241. அப்பா வழக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவான். அடுத்த ஆண்டு புது அரசியலமைப்பு வந்தது. பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த 29ஆம் பிரிவு அதில் இல்லை. அதற்குப் பிறகு அவனோடு வாதாட அப்பாவிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் தமிழருக்கு அளவுக்கு மிஞ்சி அரச வேலை கிடைத்ததே என்று ஒருவர் நிச்சயம் வருவார். கிடைத்ததுதான். எங்களிடம் மிஷன் பள்ளிகள் இருந்தன. சிங்களக் கிராமத்துப் பெடியனுக்கு இங்கிலிஷ் ஒரு மதிலாக இருந்ததும் உண்மை. அந்த மதிலை இடிக்க என் அப்பாவின் சம்பளத்தில் கைவைத்திருக்கத் தேவையில்லை. எங்களையும் புனிதராக்கவில்லை. 1948இல் மலையகத் தொழிலாளரை (தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த தமிழரை) நாடற்றவராக்கிய அரசில் அதே ஆண்டு எங்கள் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார். 1968இல்கூட யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்து நின்றது எங்கள் ஆட்கள்தான்.

அப்பாவின் கோப்பைப் படமெடுத்துப் போட்டிருப்பேன். சித்தப்பா முறையான ஒருவர், கட்டுரை எழுதப்போகிறேன் என்று 1979இல் வாங்கிப்போனார். கட்டுரையும் வரவில்லை, கோப்பும் வரவில்லை. இரண்டு கலியாண வீடுகளில் கேட்டுவிட்டேன். “இடப்பெயர்வில் போயிட்டுது தம்பி” என்கிறார். எல்லாரும்தான் தொலைத்தோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய கலியாண ஆல்பம் மட்டும் ஒரு படம் குறையாமல் கனடா போய்ச் சேர்ந்திருக்கிறது.